நமக்குச் சுருதி கொடுப்பது யார்? இயற்கையின் ஒலியும் நம் இசையும் (விவாத இழை)

#1 குழலோசை

வணக்கம். ஒரு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புல்லாங்குழல் வாசிப்பவள். விடியற்காலைச் சாதகம் இருபது வருடப் பழக்கம். வழக்கமாக இரண்டு கட்டை சுருதி. போன மாதம் ஒருநாள் சுருதிப்பெட்டியைப் போடாமல் கண்ணை மூடி உட்கார்ந்து, தானாக எது வருகிறதோ வரட்டும் என்று முனகிப் பார்த்தேன். வந்தது இரண்டு கட்டை இல்லை. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராத ஓர் இடம். மறுநாளும் அதே இடம். மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாள்தான் பிடிபட்டது: சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் ரீங்காரத்துக்கு அச்சு அசலாக ஒரு ஸ்தாயி மேலே நின்றுகொண்டிருந்தேன்.

எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். அப்புறம் நடந்ததைச் சத்தம் குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. அறைக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வைத்த மாதிரி இருந்தது. வெளியே குயில் கூவிக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாகக் கூவியதோ. ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஓர் இழை ஏற்றிக்கொண்டே போய் உச்சத்தில் சட்டென்று நிறுத்திவிடும், கேட்டிருப்பீர்கள். அது நிறுத்திய இடத்தில் நான் குழலை எடுத்தேன். அது மறுபடி கீழிருந்து தொடங்கியபோது நான் நிறுத்தினேன். பத்து நிமிடம் அப்படியே போனது. நல்ல பக்கவாத்தியக்காரரோடு உட்காரும்போது வருமே, அவர் வாசிக்க நாம் இடம் விட்டு, நாம் வாசிக்க அவர் இடம் விட்டு, அந்த நிம்மதி.

காற்றும் நீரும் பறவையும் மனிதனுக்குப் பாடக் கற்றுக்கொடுத்தன என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மையா, அழகுக்குச் சொல்லும் பேச்சா? உண்மை என்றால், இப்போது நமக்குச் சுருதி கொடுப்பது யார்?

#2 அலைவரிசை

அக்கா, நீங்கள் கேட்டது பிரமை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் முனகும். அதற்கு ஒரு ஸ்தாயி மேல் 200. ஐந்து கட்டை 196, ஐந்தரை ஏறக்குறைய 208. "நடுவே" என்று காதாலேயே சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

இதே விஷயத்தைக் கனடா நாட்டு இசையமைப்பாளர் மர்ரி ஷாஃபர் (1933–2021) எழுதியிருக்கிறார். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் உலக ஒலிச்சூழல் திட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். மாணவர்களை நன்றாகத் தளர்ந்து படுக்கவைத்து, உள்ளுக்குள் எழும் ஏதாவது ஒரு ஸ்வரத்தை முனகச் சொன்னார். வட அமெரிக்காவில் அதிகம் வந்தது 'பி'. ஜெர்மனியில் அதிகம் வந்தது 'ஜி ஷார்ப்'. வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஜெர்மனியில் நம் ஊரைப்போல 50 ஹெர்ட்ஸ். யாரும் யாரிடமும் கேட்டு முனகவில்லை, கம்பிதான் சுருதி கொடுத்தது.

ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆதார ஒலி உண்டு என்பது அவர் கருத்து. கடற்கரையில் அலை, சமவெளியில் காற்று. நாம் அதைக் கவனித்துக் கேட்பதில்லை, ஆனால் மற்றதை எல்லாம் அதன்மேல் வைத்துத்தான் கேட்கிறோம். தம்புராவை ரசிகர் யாரும் தனியாகக் கேட்பதில்லையே, அது போல. இன்றைக்குப் பெரும்பாலோருக்கு அந்தத் தம்புரா எஞ்சினும் மின்சாரமும்தான்.

ஒலிப்பதிவு என் தொழில். ஒரு நாளில் பாதி நேரம் பதிவிலிருந்து இந்த முனகலை எடுப்பதிலேயே போகிறது. எடுத்த பிறகு அங்கே என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

#3 வெட்டவெளி

நல்ல இழை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு தடை போட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பறவைகளைப் பின்தொடர்ந்து பல வருடம் காட்டில் அலைந்தவன் நான். குயில் உங்களோடு வாசிக்கவில்லை, அம்மா. "இது என் இடம், பெண் குயில் எங்கே" என்று கூவியது. நீங்கள் குழலை எடுத்ததும் அது நிறுத்தியிருந்தால் பயந்து நிறுத்தியிருக்கலாம். பறவையின் கூவலை இசை என்று சொல்லும்போதே அதற்குள்ள சொந்தக் காரணத்தை அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வட அமெரிக்காவின் ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவையை ஆராய்ந்து 2014ல் ஒரு கட்டுரை வந்தது. அதன் பாட்டில் ஸ்வரங்கள் விழும் இடங்கள் பெரும்பாலும் மேல்சுருதி வரிசையோடு, அதாவது ஒரே தந்தியில் இயல்பாக எழும் அந்தப் படிகளோடு, ஒத்துப்போகின்றன. படித்துவிட்டு நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

இயற்கை இசையை உருவாக்குகிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்த உறுதியான பதில் வேறு இடத்தில் இருக்கிறது. யூஜின் மார்ட்டன் என்பவர் பனாமாவில் பறவை ஒலிகளை அளந்து 1975ல் எழுதினார். அடர்ந்த காட்டுக்குள் வாழும் பறவைகள் தாழ்ந்த சுருதியில், நீண்ட, தெளிந்த விசில் போலப் பாடுகின்றன. புல்வெளிப் பறவைகள் வேகமாக, நடுங்கும் குரலில். காட்டுக்குள் இலையும் அடிமரமும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும், வேகமாகப் பாடினால் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எதிரொலி மிகுந்த கல் மண்டபத்தில் துரித காலத்தில் ஸ்வரம் பாடிப் பாருங்கள், புரியும். காடு அந்தப் பறவைக்கு விளம்ப காலத்தைக் கொடுத்திருக்கிறது.

சீனாவில் ஓர் ஓடைத் தவளை இருக்கிறது. ஓடையின் இரைச்சல் முழுவதும் கீழ்ச்சுருதியை நிரப்பிவிட்டதால், நம் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே வரை ஏறிக் கூப்பிடுகிறது. 2006ல் வெளியான கண்டுபிடிப்பு. தண்ணீர் விட்ட இடத்தில் அது பாடுகிறது.

#4 பழம்பாடல்

வெட்டவெளி ஐயா "தண்ணீர் விட்ட இடத்தில்" என்று எழுதியதைப் படித்ததும் அகநானூற்று 82ஆம் பாட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். கபிலர் பாட்டு, குறிஞ்சித்திணை.

அசையும் மூங்கிலில் துளைகள். அவற்றின் வழியே கோடைக்காற்று நுழைய, அது குழலிசை. அருவி விழும் ஓசை முழவு. கலைமான் கூட்டத்தின் கடுங்குரல் தூம்பு என்னும் ஊதுகருவி. மலைச்சாரல் பூக்களில் வண்டு யாழ். இத்தனையும் சேர்ந்து ஒலிக்க, மந்திகள் அவையோராக வியந்து பார்த்திருக்க, மூங்கில் வளரும் சாரலில் மயில் விறலியைப் போல ஆடி வருகிறது. அப்படிப்பட்ட நாட்டை உடையவன் தினைப்புனத்து வாயிலில் வில்லோடு நின்று, யானை எந்த வழியே போயிற்று என்று கேட்டான். அவனைக் கண்டவர் பலர். இருளில், படுக்கையில், கண்ணீரோடு தோள் மெலிந்து கிடப்பவள் நான் ஒருத்தி மட்டும் ஏன் என்று தலைவி தோழியிடம் கேட்கிறாள்.

இதை உவமை அழகு என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறோம். நான் வேறொன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தக் கச்சேரியில் எந்த இரண்டு கருவியும் ஒன்றையொன்று மூடவில்லை. அடியில் அருவி, அதற்கு மேல் கலைமான், மூங்கிலில் காற்று, நுண்ணிய இழையாக வண்டு. நால்வருக்கும் இடம் இருக்கிறது. கபிலர் அறிவியல் எழுதினார் என்று சொல்லமாட்டேன். உற்றுக் கேட்டவர், கேட்டதை ஒழுங்காக வைத்தவர் என்று தயங்காமல் சொல்வேன்.

தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்கும்போது விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. பறவையும் மரமும் எப்படி ஒரு நிலத்தின் விளைவோ, அப்படியே பண்ணும் அந்த நிலத்தின் விளைவு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. குழலோசை அவர்களின் கேள்விக்கு என் பதில்: அழகுக்குச் சொன்ன பேச்சு இல்லை.

#5 அலைவரிசை

பழம்பாடல் ஐயா, படித்துவிட்டுச் சிலிர்த்துவிட்டது. நீங்கள் சொன்ன அதே விஷயத்தை நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

பெர்னி கிராஸ் என்று ஓர் அமெரிக்கர். முதலில் இசைக்கலைஞர், சிந்தசைசர் வாசித்தவர். பிறகு ஸ்டுடியோவை விட்டுக் காட்டுக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் பதிவு செய்தார். நிலத்தின் ஒலி (காற்று, நீர்), உயிர்களின் ஒலி, மனிதரின் ஒலி என்று மூன்றாகப் பிரித்தார். கபிலர் பாட்டில் முதல் இரண்டும் இருக்கின்றன.

ஸ்பெக்ட்ரோகிராம் என்றால் ஒலியின் படம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி. சேதப்படாத காட்டின் படத்தை விரித்தால் பல வாத்தியங்களுக்கு எழுதிய ஸ்வரத்தாள் மாதிரி இருக்கும். தவளை ஒரு வரியில், பூச்சி ஒரு வரியில், பறவை நடுவில் எங்கே காலியோ அங்கே. ஒவ்வோர் உயிரும் தனக்கென ஓர் ஒலியிடம் வைத்திருக்கிறது என்பது கிராஸின் கருத்து.

1988ல் கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் லிங்கன் புல்வெளி என்ற இடத்தைப் பதிவு செய்தார். அங்கும் இங்குமாகச் சில மரங்களை மட்டும் வெட்டுவோம், சூழல் கெடாது என்று மரம் வெட்டுபவர்கள் சொல்லியிருந்தார்கள். வெட்டி ஒரு வருடம் கழித்து அதே பருவத்தில், அதே இடத்தில் மைக் வைத்தார். புகைப்படத்தில் வித்தியாசமே தெரியவில்லை. பதிவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தி தட்டுவதும்தான் மிச்சம். அதன்பின் பல தடவை போயும் பழைய அடர்த்தி திரும்பவில்லை என்கிறார்.

கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

#6 வெட்டவெளி

பழம்பாடலுக்கு நன்றி. அந்தப் பாட்டை இப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அலைவரிசைத் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். எல்லா உயிரும் கணக்காகப் பங்கு பிரித்துக்கொண்டு பாடுகின்றன என்ற கருதுகோள் எல்லா இடத்திலும் நிரூபணமாகவில்லை. சில இடங்களில் ஒத்துவருகிறது, சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் கத்துகின்றன. அதை முடிந்த முடிவாக எழுதினால், நாளைக்கு ஒருவர் மறுக்கும்போது மற்ற உண்மையும் சேர்ந்து அடிபடும்.

உறுதியாகத் தெரிந்தது இது. நெதர்லாந்தின் லைடன் நகரில் கிரேட் டிட் பறவைகளை ஆராய்ந்து 2003ல் எழுதினார்கள். இரைச்சல் மிகுந்த தெருவில் வாழும் ஆண்கள் பாட்டின் கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு மேலே ஏறிப் பாடின, ஏனென்றால் போக்குவரத்து இரைச்சல் கீழ்ச்சுருதியில்தான் குவிகிறது. அடுத்து 2020. ஊரடங்கில் சான் ஃபிரான்சிஸ்கோ அமைதியானபோது அங்கிருந்த வெண்கொண்டைக் குருவிகள் குரலைத் தாழ்த்தின. சத்தம் குறைத்துப் பாடின, முன்பு கைவிட்டிருந்த கீழ்ச்சுருதிக்கு இறங்கின. சத்தம் குறைத்துப் பாடியும் முன்னைவிட அதிக தூரம் கேட்டது. சில வாரங்களிலேயே.

அத்தனை வருடமும் அவை கத்திக்கொண்டிருந்திருக்கின்றன, பாவம். நாம் அதைப் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

#7 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம், முதல் பதிவு. இரண்டு சந்தேகம். பாட்டு போட்டால் செடி நன்றாக வளரும் என்கிறார்களே, உண்மையா? மழைச் சத்தம், காட்டுச் சத்தம் போடும் ஆப் வைத்துத்தான் நான் தினமும் தூங்குகிறேன். அது தப்பா?

#8 வெட்டவெளி

வாருங்கள். கச்சேரி கேட்டுச் செடி செழிக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று நான் பார்த்ததில்லை. ஆனால் செடி அதிர்வை உணர்கிறது. இஸ்ரேலில் கடலோர அந்திமலர் வகை ஒன்றில் செய்த சோதனை, 2019ல் வெளிவந்தது. பறக்கும் தேனீயின் ரீங்காரத்தை ஒலிக்கவிட்டால் மூன்று நிமிடத்துக்குள் பூவின் தேனில் இனிப்பு கூடுகிறது. உயர்ந்த சுருதியை ஒலிக்கவிட்டால் கூடவில்லை. அந்தப் பூ தனக்கு வேண்டிய ஒலியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

#9 அலைவரிசை

தூங்குவதற்கு எது உதவினாலும் நல்லது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நிஜ மழை பெய்யும் இரவில் ஆப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆப்பில் வருவது பெரும்பாலும் ஒரு துண்டு ஒலி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நிஜ மழை ஒரு தடவை பெய்தது போல் இன்னொரு தடவை பெய்யாது. இலைமேல் விழுவது ஒரு சத்தம், தகரத்தில் ஒரு சத்தம், ஏற்கெனவே தேங்கிய தண்ணீரில் இன்னொரு சத்தம். குளத்துத் தண்ணீரில் துளி விழும்போது கேட்கும் அந்த "டுளுக்" பெரும்பாலும் துளி மோதும் சத்தம் இல்லை. உள்ளே சிக்கிய சின்னக் காற்றுக்குமிழி அதிரும் சத்தம். குமிழி சிறுத்தால் சுருதி ஏறும்.

#10 தாளக்கட்டு

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். என்னால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் மிருதங்கம். நாம் எல்லோரும் இயற்கை இயற்கை என்று உருகுகிறோம். என் வாத்தியத்தின் உடல் பலாமரம், வாய் தோல். குழலோசை அக்காவின் குழல் வெட்டிய மூங்கில். வயலின் வில்லுக்கு உலகம் முழுக்க விரும்பும் பெர்னாம்புகோ மரம் பிரேசிலில் அழிவின் விளிம்புக்கு வந்து, 2007ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் போனது. 2017ல் ரோஸ்வுட் வகைகள் எல்லாமே அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசை இயற்கையைக் கொண்டாடுகிறது என்று சொல்லுமுன், அதை எடுத்துச் சாப்பிட்டும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை தோல் மாற்றும்போதும் எனக்கு இது தோன்றும்.

இரண்டாவது, நகரத்துச் சத்தத்தை மட்டும் ஏன் விரோதியாக வைக்கிறீர்கள்? ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டு வளர்ந்தவன் நான். 1948ல் பியர் ஷாஃபர் என்ற பிரெஞ்சுக்காரர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, அதையே வெட்டி ஒட்டி ஒரு படைப்பாக்கினார். புதிய இசைக்கு அதிலிருந்து ஒரு பெரிய வழி திறந்தது. மனிதனும் இந்தச் சூழலில் ஒருவன்தானே? அவன் சத்தம் மட்டும் எப்படி வெளியாள் ஆனது?

#11 குழலோசை

தாளக்கட்டு தம்பி, உங்கள் முதல் பகுதிக்கு மறுப்பே இல்லை. என் குழலைக் கையில் எடுக்கும்போது இனி நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாப்புவா நியூ கினியின் மழைக்காட்டில் கலூலி என்ற மக்கள் இருக்கிறார்கள். ஸ்டீவன் ஃபெல்ட் 1970களில் அவர்களோடு தங்கி எழுதியிருக்கிறார். பாட்டின் நடையை அவர்கள் அருவிச் சொற்களால் சொல்கிறார்கள். ஸ்வரம் இறங்குவதற்கும் ஒரே இடத்தில் சுழல்வதற்கும் நீர் விழுவதையும் தேங்கிச் சுழல்வதையும் குறிக்கும் சொற்கள்தான். ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா பகுதிப் பாடகர்கள் ஒரே தொண்டையில் இரண்டு குரல் எழுப்புவார்கள் இல்லையா, அவர்களிலும் ஓடும் ஆற்றின் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு சேர்ந்து பாடும் பழக்கம் உண்டு. இவர்களும் சத்தம் போடுகிற மனிதர்கள்தான். ஆனால் பாடும்போது அருவியையும் ஆற்றையும் கேட்டுக்கொண்டே பாடுகிறார்கள்.

உங்கள் ரயில் வந்து போய்விடும். போன பிறகு இடம் இருக்கும். என் ஃபிரிட்ஜ் போகவே இல்லை. தனி ஆவர்த்தனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு, கோர்வை வைத்து இறங்குவீர்கள். இறங்கவே இறங்காத பக்கவாத்தியத்தோடு நீங்கள் உட்காருவீர்களா?

#12 தாளக்கட்டு

மாட்டேன். நிஜமாக, இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. யோசிக்கிறேன், அக்கா.

#13 ஆழ்நீர்

தரையிலேயே நிற்கிறீர்களே, கடலுக்குள்ளும் வாருங்கள். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கு மேல். ஒளி சீக்கிரம் அணைந்துவிடும். அதனால் கடலில் வாழ்கிறவர்களுக்குக் கண் இரண்டாம்பட்சம்.

கூன்முதுகுத் திமிங்கிலங்களில் ஆண்கள் பாடும். அதில் அடுக்கு உண்டு, பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி உண்டு என்று ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971ல் எழுதினார்கள். ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடும், வருடத்துக்கு வருடம் அது மாறும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் புதிதாக வந்த பாட்டு இரண்டொரு வருடத்தில் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே பசிபிக் தீவுகள் வரை பரவியதை 2011ல் காட்டினார்கள். பாட்டு ஊர்விட்டு ஊர் போவது நமக்கு மட்டும் சொந்தமில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு சில நாள் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நீருக்கடிச் சத்தம் 6 டெசிபல் இறங்கியது. அதே நேரம் அங்கே ஒரு குழு ரைட் திமிங்கிலங்களின் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தது. பின்னால் ஆராய்ந்தபோது அந்த நாட்களில் மன அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. உலகமே அழுத நாட்களில் அந்த விலங்குகள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கின்றன. இதை எந்த உணர்ச்சியோடு எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நல்ல சேதியும் உண்டு. உயிருள்ள பவளப்பாறை சத்தமாக இருக்கும், இறால்கள் வெடிப்பது எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி. செத்த பாறை அமைதி. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் சிதைந்த பாறைகளுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து, நல்ல பாறையின் சத்தத்தை 40 நாள் ஒலிக்கவிட்டார்கள். ஒலி வைக்காத இடங்களைவிட இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்தது (2019). சத்தம் கேட்டு, "இங்கே வீடு இருக்கிறது" என்று வந்திருக்கின்றன.

#14 வெட்டவெளி

ஆழ்நீர் எழுதிய திமிங்கிலப் பாட்டுக்கு மறுபக்கமாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேன்உண்ணி என்று ஒரு பறவை. 2021ல் சுமார் 300தான் மிச்சம். இளம் ஆண் பாட்டைத் தெரிந்துகொண்டே பிறப்பதில்லை. கூட்டை விட்டு வெளிவந்த பிறகு மூத்த ஆண்களைக் கேட்டுத்தான் கற்கும். பறவைகள் அருகிப்போனதால் கேட்பதற்கு மூத்தவர் இல்லை. 2021ல் வந்த ஆய்வின்படி ஏறக்குறைய 12 சதவீத ஆண்கள் தங்கள் இனத்துப் பாட்டையே பாடவில்லை, பக்கத்தில் கேட்ட வேறு பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன. பெண் பறவைகள் அவற்றைச் சேர்த்துக்கொள்வதும் குறைவு. கூண்டில் வளர்க்கும் குஞ்சுகளுக்குப் பழைய பதிவைப் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பறவைப் பாட்டு இசை இல்லை என்று #3ல் எழுதினேன். குரு இல்லாமல் பாட்டு அழியும் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

#15 கேளாச்செவி

எல்லாப் பதிவையும் இரண்டு நாளாகப் படித்தேன். எனக்கு 66 வயது. முப்பது வருடம் தறிக்கூடத்தில் வேலை. இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை என்று பரிசோதனைத் தாளில் கோடு கீழே விழுந்திருக்கிறது. காதுக் கருவி போட்டிருக்கிறேன். பேச்சு கேட்கிறது.

ஐந்தாறு வருடம் முன்பு அந்தி நேரத்தில் பேத்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். "தாத்தா, பூச்சி எவ்வளவு சத்தமா கத்துது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முன்பு பல வருடமாக, இப்போதெல்லாம் பூச்சிகளே இல்லை, மருந்தடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று எல்லோரிடமும் வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

சுவர்க்கோழிச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. நீங்கள் எல்லோரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறீர்கள். கேளுங்கள். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

#16 அலைவரிசை

ஐயா, ஒரு வழி இருக்கிறது. சுவர்க்கோழி பாடுவது ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ். அதனால்தான் உங்களுக்கு எட்டவில்லை. பதிவின் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தால் இரண்டு ஸ்தாயி இறங்கி 1,250க்கு வந்துவிடும், பேச்சு கேட்கிற இடம்தான் அது. ஃபின்லாந்து இசையமைப்பாளர் ரவுத்தாவாரா 1972ல் இதைத்தான் செய்தார். ஆர்க்டிக் பக்கத்துப் பறவைகளைப் பதிவு செய்து ஆர்க்கெஸ்ட்ராவோடு வைத்த படைப்பு அது. அதில் ஒரு வானம்பாடியின் குரலை இரண்டு ஸ்தாயி இறக்கியிருக்கிறார்.

சுத்தமான பதிவு வேண்டும். பின்னால் முனகல் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும். குழலோசை அக்கா, உங்கள் ஜன்னல் கிடைக்குமா?

#17 குழலோசை

கிடைக்கும். இன்றைக்கு இரவே.

#18 குழலோசை

காலை நாலரைக்கு ஃபிரிட்ஜ், மின்விசிறி, மோடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் ரெக்கார்டரை வைத்தேன். பக்கத்து வீட்டில் மோட்டார் போடும் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு அதற்கு முன்பாகவே. பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது. நான் மூச்சைக்கூட அடக்கித்தான் உட்கார்ந்திருந்தேன். அலைவரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

#19 அலைவரிசை

வேகம் குறைத்து ஏற்றியிருக்கிறேன். வேறு ஒன்றும் தொடவில்லை. கேளாச்செவி ஐயா, ஹெட்போனில் கேளுங்கள். வலப்பக்கம் கொஞ்சம் கிட்டே இருப்பதுதான் உங்கள் ஆள்.

#20 கேளாச்செவி

கேட்டேன். வலப்பக்கம். விசில் மாதிரி மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. முதலில் இதுதானா என்று சந்தேகமாக இருந்தது. பேத்தியைக் கூப்பிட்டு அசல் வேகத்தில் அவள் காதுக்கு வைத்து, அவள் விரலால் என் கையில் தட்டச் சொன்னேன். நாலு மடங்கு வேகம், ஆனால் அதே மூன்று. அப்புறம் நினைவு வந்துவிட்டது.

#21 தாளக்கட்டு

திஸ்ரம், ஐயா, மூன்றின் நடை. இரவு முழுக்க நடை மாறாமல் போடுவான். சூடு ஏறினால் காலப்பிரமாணமும் (வேகமும்) ஏறும். சுவர்க்கோழி எத்தனை தடவை கூப்பிடுகிறது என்று எண்ணியே வெப்பநிலை சொல்லலாம் என்று டால்பேர் என்பவர் 1897லேயே சூத்திரம் எழுதியிருக்கிறார். நேற்று இந்த இழைக்காகத் தேடியதில் கிடைத்தது.

#22 கேளாச்செவி

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது நிமிடத்துக்கு அப்புறம் இடப்பக்கம் தூரத்தில் இன்னொன்று வருகிறது. யாரோ நீளமாக, கனத்த குரலில் அழைக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே ஏறி, ஏறி, திடீரென்று நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் இந்த மூன்று தட்டு மட்டும் தனியாகக் கேட்கிறது. அது யார்?

#23 குழலோசை

அதுதான் என் குயில், ஐயா.